தரிசு என்ற சொல்லும் மரக்கன்று என்ற மருந்தும்

தமிழ்நாட்டின் நகரங்களிலும் பேரூராட்சிகளிலும் எஞ்சிக் கிடக்கும் ஏரிக்கரைகள், ஓடையோரங்கள், குடியிருப்புகளுக்கு நடுவே தப்பிய புறம்போக்குத் துண்டுகள், பழைய குப்பைமேடுகள் ஆகியவற்றைப் பேணுவதற்குத் தாமே முன்வரும் குழுக்கள் கடந்த இருபது ஆண்டுகளில் பெருகியிருக்கின்றன. ஊதியம் ஏதுமின்றி, ஞாயிற்றுக்கிழமை காலை உறக்கத்தை விட்டுவந்து மண்வெட்டி பிடிக்கும் இந்தத் தன்னார்வலர்களின் உழைப்பை ஐயுற எவருக்கும் உரிமையில்லை. ஆனால் அந்த உழைப்பு எதை நோக்கித் திருப்பப்படுகிறது என்பதும், அதற்கு அடித்தளமாக எந்தக் கருத்து நிற்கிறது என்பதும் கேள்விக்கு உட்பட்டவை. பசுமை வெளி ஒன்றைப் பேணுதல் என்றால் அங்கே மரக்கன்று நடுதல் என்றும், நட்ட கன்றுகளின் எண்ணிக்கையே பணியின் அளவுகோல் என்றும், நடுவதற்கு முன்பு அந்த இடம் வெற்றிடமாகக் கிடந்தது என்றும் ஒரு நம்பிக்கை இன்று ஏறத்தாழ மறுப்பின்றி ஏற்கப்பட்டிருக்கிறது. பள்ளி விழாவும், நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியும், தலைவர்களின் பிறந்தநாளும், உள்ளாட்சியின் ஆண்டறிக்கையும் இந்த ஒரே அளவுகோலைத்தான் கையில் வைத்திருக்கின்றன.

இந்த நம்பிக்கை தவறானது என்பதும், பல இடங்களில் அது காக்க வந்த உயிர்களுக்கே கேடு செய்கிறது என்பதும் இக்கட்டுரையின் வாதம். பொதுப் பசுமை வெளி என்று இங்கே குறிக்கப்படுவது, தனியொருவருக்கு உரிமையில்லாத, ஊரார் நடமாடுகின்ற, முழுவதும் கட்டடத்துக்கோ சாகுபடிக்கோ போய்விடாத எந்த நிலத்தையும்தான். அது புல்தரையாக இருக்கலாம், முள்வெளியாக இருக்கலாம், வற்றிய கண்மாயின் உள்வாயாகவும் இருக்கலாம். அத்தகைய இடத்தில் தன்னார்வலரின் முதற்பணி, அங்கே ஏற்கெனவே வாழ்வது எது என்று ஆண்டு முழுதும் பார்த்து அறிவது. அடுத்த பணி அதைக் காவல் காப்பது. நடுதல் அவற்றுக்கெல்லாம் பிறகு, தேவைப்படும் அளவுக்கு மட்டும் வருவது.

தரிசு என்பது பயிரிடாமல் விட்ட நிலத்தைக் குறிக்கும் உழவர் சொல். மழை பொய்த்த ஆண்டில் தரிசாகக் கிடந்த புன்செய் அடுத்த ஆண்டு விளைநிலமாகும். இடைப்பட்ட காலத்தில் ஆடு மேயும், கௌதாரி முட்டையிடும். வெள்ளையர் ஆட்சியின் நிலவரி ஏற்பாடு வரி தரும் நிலத்தையும் தராத நிலத்தையும் பிரித்தெழுதத் தொடங்கியபோது, மேய்ச்சல் தரை, பாறைச்சரிவு, புல்மேடு, முள்வெளி யாவும் வருமானமற்றவை என்ற ஒரே வரிசையில் சேர்ந்தன. வரி தராதது என்ற பொருளில் கணக்கில் ஏறிய சொல் நாளடைவில் உயிரில்லாதது என்ற பொருளையும் பெற்றுக்கொண்டது. இன்று மரக்கன்றோடு வந்து நிற்கும் நல்லுள்ளங்கள் பலர், தாம் அறியாமலேயே அந்தப் பழைய வரிக்கணக்கின் கண்கொண்டுதான் நிலத்தைப் பார்க்கிறார்கள்.

அந்தப் பார்வை என்ன செய்யும் என்பதற்கு நீலகிரியே போதிய சான்று. அம்மலையின் உயர்ந்த பகுதிகளில் சோலை எனப்படும் குறுங்காடுகள் பள்ளங்களிலும் நீரோட்டங்களை ஒட்டியும் ஒடுங்கி நிற்க, மேடுகளிலும் சரிவுகளிலும் புல்வெளி பரந்து கிடந்தது. காடு அழிந்ததால் உண்டான புல்வெளி அன்று அது. பல்லாயிரம் ஆண்டுகளாகச் சோலையோடு சேர்ந்தே இருந்துவந்த இயற்கை அமைப்பு. மரமில்லாத சரிவு வீண் என்று கருதப்பட்டதால், 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் ஆஸ்திரேலியாவின் சீகை மரமும் தைல மரமும் அங்கே கொண்டுவரப்பட்டன. முதலில் விறகுக்காகவும், பின்னர் தோல் பதனிடும் பட்டைக்காகவும், செயற்கைப் பட்டு ஆலைகளின் மரக்கூழுக்காகவும் அவை 20ஆம் நூற்றாண்டில் பேரளவில் நடப்பட்டன. தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு மலை முன்னைவிடப் பசுமையாகத் தெரிந்தது. தமிழ்நாட்டின் மாநில விலங்கான வரையாடோ மேய்ச்சல் இழந்து துண்டு துண்டான சரிவுகளில் ஒதுங்கியது. அந்தப் புல்வெளியை விட்டு வேறெங்கும் வாழத் தெரியாத நீலகிரி நெட்டைக்காலி என்னும் சிறு பறவையின் இருப்பிடமும் சுருங்கியது. 2022இல் வரையாட்டுக்கென்று தனித் திட்டம் அறிவித்த அரசே இன்று சீகை மரங்களை அகற்றும் வேலையிலும் இறங்கியிருக்கிறது. சமவெளியில் இதே கதைக்குச் சீமைக் கருவேலம் என்று பெயர். 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் இந்தியாவுக்கு வந்த அந்த மரமும், வறண்ட நிலத்தைப் பசுமையாக்கி ஏழைக்கு விறகு தரும் என்ற நல்லெண்ணத்தோடுதான் பரப்பப்பட்டது. நல்லெண்ணம் தவறான இடத்தில் நடப்பட்டால் அதன் வேரைப் பிடுங்குவதற்கு ஒரு நூற்றாண்டு போதாது என்பதை இராமநாதபுரம் மாவட்டத்து உழவர் எவரும் சொல்வார்.

இப்பெரிய எடுத்துக்காட்டுகளிலிருந்து ஊர்ப்புறத்து மூன்று ஏக்கர் திடலுக்கு வந்தாலும் செய்தி மாறுவதில்லை. பங்குனி வெயிலில் காய்ந்து வெடித்த அத்தகைய திடலொன்றில், சரளைக் கற்களுக்கு நடுவே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிறு பள்ளம் இருக்கும். அதன் ஓரத்தில் கூழாங்கற்களும் சில ஆட்டுப்பிழுக்கைகளும் சுற்றி வைக்கப்பட்டிருக்கும். பள்ளத்துக்குள் கரும்புள்ளி போட்ட மண்நிற முட்டைகள் நான்கு, கூர்முனைகள் உள்நோக்கிச் சேர, கிடக்கும். செம்மூக்கு ஆட்காட்டியின் கூடு அதுதான். அதற்கு மரமும் வேண்டாம், புதரும் வேண்டாம். நாற்புறமும் கண்ணுக்கு எட்டும் தூரம்வரை தடையின்றித் தெரிகின்ற வெட்டவெளிதான் அதன் பாதுகாப்பு. வெயில் ஏறும்போது தாய்ப்பறவை அருகிலுள்ள குட்டைக்குச் சென்று வயிற்றிறகை நனைத்துவந்து முட்டைகளின் மேல் அமர்ந்து அவற்றைக் குளிர்விக்கும். ஏறத்தாழ நான்கு வாரம் இவ்வாறு அடைகாத்துக் குஞ்சு பொரிப்பதற்குள், முதல் மழைக்கு முன் குழியெடுத்துவிட வேண்டும் என்று ஜேசிபி இயந்திரத்தோடு குழு ஒன்று வந்தால், தலைக்கு மேல் வட்டமடித்துக் கத்துகிற பறவையின் கத்தலுக்கு என்ன காரணம் என்று கேட்பதற்கு அங்கே எவரும் இருப்பதில்லை. வரிசையாக நட்ட கன்றுகள் பிழைத்து வளர்ந்தாலும் ஆட்காட்டிக்கு அந்த இடம் திரும்பக் கிடைக்காது. மரங்கள் பார்வையை மறைத்த நிலத்தில் அது முட்டையிடுவதில்லை.

நடுதலோடு எப்போதும் உடன்வருவது துப்புரவு. குப்பையையும் நெகிழியையும் அகற்றுவது தேவையான வேலை; அதில் இரு கருத்துக்கு இடமில்லை. ஆனால் பசுமை வெளியில் துப்புரவு என்ற பெயரில் நடப்பவற்றில் பெரும்பகுதி, சருகைக் கூட்டிக் கொளுத்துவதும், பட்ட மரத்தை வெட்டுவதும், களை என்று பெயரிடப்பட்ட செடிகளை வேரோடு பிடுங்குவதுமாகவே இருக்கிறது. இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் கூடுகட்டும் தோட்டக்கள்ளன், தென்மேற்குப் பருவமழை ஓய்ந்தபின் தெற்கே பறந்துவந்து, இலங்கை வரையுள்ள நிழலான தோப்புகளில் பனிக்காலத்தைக் கழிக்கிறது. விடியலிலும் மாலையிலும் ஆறு மணியளவில் குரல் கொடுப்பதால் ஆறுமணிக்குருவி என்றும் ஊரார் அதை அழைப்பார்கள். பச்சையும் நீலமும் செம்மையும் கலந்த அந்தக் குட்டைவால் பறவை, மரத்தடியில் தத்தித் தத்திச் சென்று சருகை ஒவ்வொன்றாக அலகால் புரட்டி, அடியில் ஒளிந்த மண்புழுவையும் நத்தையையும் வண்டையும் பொறுக்கித் தின்னும். பல நூறு காதம் பறந்து களைத்து இறங்கும் அதற்கு நகரத்தில் கிடைக்கும் விருந்து முழுவதும் அந்த மூன்று விரற்கடை சருகுப் படுகைக்குள்தான் இருக்கிறது. வழித்துப் பெருக்கிய தரை மனிதக் கண்ணுக்கு அழகாக இருக்கலாம். தோட்டக்கள்ளனுக்கு அது கழுவி வைத்த வெறுந்தட்டு.

பட்ட மரமும் அப்படித்தான். குக்குறுவான் தன் பொந்தைக் குடைவது உளுத்த கிளையில். மரங்கொத்தி துளைத்துவிட்டுப் போன பொந்தில் கிளியும் மைனாவும் புள்ளி ஆந்தையும் குடியேறுகின்றன. நடைபாதையின் மேல் விழக்கூடிய கிளையை வெட்டத்தான் வேண்டும்; உட்புறத்தில் யாருக்கும் இடையூறில்லாமல் நிற்கும் பட்ட மரத்தை விறகாக்குவதற்கு ஒரு நியாயமும் இல்லை. களைச் செடிகளில் ஆடுதின்னாப்பாளையை மட்டும் எடுத்துக்கொண்டாலே போதும். தரையோடு படரும் இந்தச் சிறு கொடியின் கசப்பை ஆடும் தீண்டாது என்பதை அதன் பெயரே சொல்கிறது. ரோஜா அழகி என்னும் பட்டாம்பூச்சியின் புழுவோ இதையும் இதன் இனத்துக் கொடிகளையும்தான் தின்னும். கருஞ்சிவப்பு உடலின் நடுவே வெள்ளைப் பட்டை கட்டிய அந்தப் புழு, இலையின் நஞ்சைத் தன் உடலில் சேர்த்து வைத்துக்கொள்வதால், வளர்ந்து சிறகு விரித்த பிறகும் பறவைகள் அதை விலக்குகின்றன. கறிவேப்பிலையில் முட்டையிடும் வேறோர் அழகி இனத்தின் பெண் பூச்சிகளில் ஒரு சாரார், தமக்கு நஞ்சில்லாத போதும் ரோஜா அழகியின் தோற்றத்தைப் பூண்டு பறவைகளை ஏமாற்றிப் பிழைக்கின்றன. ஒரு முழக் கொடியைப் பிடுங்கி எறிவதால் அறுபடும் இழைகள் இத்தனை. அதே இடத்தில் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா என்று பலகை வைத்து, செவ்வந்தியும் ரோஜாவும் நட்டு, தேனுக்கு வழி செய்து புழுவுக்கு வழியடைக்கும் வழக்கம் இதன் இன்னொரு முகம்.

அடர்காடு வளர்ப்பு என்று பரவியிருக்கும் மியாவாக்கி முறையைப் பற்றியும் இங்கே பேசியாக வேண்டும். ஜப்பானியத் தாவரவியலாளர் அகிரா மியாவாக்கி வகுத்த இந்த முறையில், ஒரு சதுர மீட்டருக்கு மூன்று நான்கு கன்றுகள் வீதம் நெருக்கமாக நடப்பட்டு, ஒளிக்காகப் போட்டியிட்டு விரைந்து உயர்கின்றன. தமிழ்நாட்டு உள்ளாட்சிகள் இந்த நெருக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டன. அவருடைய முறையின் முதற்படியை விட்டுவிட்டன. மனிதர் கைபடாதிருந்தால் ஓர் இடத்தில் எந்தத் தாவரக் கூட்டம் இருந்திருக்கும் என்று கண்டறிவதே அந்த முதற்படி. அதற்கு அவர் சான்றாகக் கொண்டவற்றுள் ஜப்பானியக் கோயில்களைச் சூழ்ந்து தலைமுறை தலைமுறையாகக் காக்கப்பட்ட தோப்புகள் முக்கியமானவை. அதாவது, அவர் நடுவதற்கு முன் கோயில்காட்டைப் படித்தார். அவரை உண்மையாகப் பின்பற்ற விரும்புவோர் சோழமண்டலக் கரையில் செய்ய வேண்டியது, விழுப்புரம் மாவட்டத்துப் புத்துப்பட்டு அய்யனார் கோயில்காடு போன்ற இடங்களுக்குச் சென்று, வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என்று அறிவியலார் குறிக்கும் அந்தக் குட்டையான, மெல்ல வளர்கின்ற, கோடையிலும் இலையுதிர்க்காத காட்டின் இயல்பை அறிவதாகும். அதைச் செய்தவர்களுக்கு, இரண்டே ஆண்டில் இருபது அடி உயரம் என்ற விளம்பர வாசகம் இம்மண்ணின் காட்டுக்குப் பொருந்தாது என்பது தானே விளங்கும்.

கோயில்காட்டின் கட்டுப்பாடுகள் எவ்வகையின என்று எண்ணிப் பார்ப்பது பயனுள்ளது. கிளையை ஒடிக்கக் கூடாது. விழுந்த சுள்ளியையும் வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. செருப்போடு நுழையக் கூடாது. எல்லாமே விலக்குகள். இத்தனை மரம் நட வேண்டும் என்ற விதி அங்கே இல்லை. செங்கல்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கல் ஊராரின் காவலும் இத்தகையதே. ஏரியின் நீர்க்கடம்பு மரங்களில் அடையும் பறவைகளின் எச்சம் கலந்த நீர் தம் வயலுக்கு உரமாவதை உணர்ந்த அவர்கள், பறவைகளைச் சுடவந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களை எதிர்த்து முறையிட்டு, 1798இல் அன்றைய கலெக்டர் லயோனல் பிளேஸிடமிருந்து தம் காவலுரிமையை ஏற்கும் கௌல் என்னும் ஆவணத்தைப் பெற்றார்கள். நாட்டின் வனவிலங்குச் சட்டத்துக்கு ஏறக்குறைய 175 ஆண்டுகளுக்கு முன்பே நடந்தது அது. சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில், கண்மாய்க் கருவேல மரங்களில் கூடு கட்டியிருக்கும் நாரைகளும் அரிவாள்மூக்கன்களும் அஞ்சிக் கலையக் கூடாதென்று, ஊரார் பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. புத்தாடை கட்டிய பிள்ளைகள் வெடியின்றித் தீபாவளி கொண்டாடும் அந்தச் சின்னஞ்சிறு தியாகத்தை, எந்த மரக்கன்றுக் கணக்கிலும் ஏற்ற முடியாது. 

இவ்வாதத்தின் மிக வலிய சான்று மதுரைக்கு வடகிழக்கே மேலூரை அடுத்த அரிட்டாபட்டியில் இருக்கிறது. ஏழு குன்றுகளும், அவற்றிலிருந்து கசியும் சுனைகளும், அந்நீரைத் தேக்கும் கண்மாய்களும், தமிழிக் கல்வெட்டும், சமணர் படுகைகளும், குடைவரைச் சிவன் கோயிலும் சூழ்ந்த அந்த ஊரைப் புறக்கண்ணால் பார்ப்பவர் வெறும் பாறைக்காடு என்றே சொல்வார். கல் வெட்டி எடுப்போர் அப்படித்தான் பார்த்தார்கள். ஊரைச் சேர்ந்தவர்களும், மதுரையிலிருந்து வந்த பறவை ஆர்வலர்களும் அங்கே பல ஆண்டுகளாகச் செய்துவந்த பணி, விடியலில் குன்றின் அடியில் நின்று எந்தப் பறவை எந்தப் பாறை இடுக்கில் அமர்கிறது என்று பார்ப்பதும், பார்த்ததை நாளும் இடமும் இட்டு எழுதிவைப்பதும்தான். அந்தக் குறிப்புகள் ஒன்றுசேர்ந்தபோது ஏறத்தாழ 250 வகைப் பறவைகளின் பட்டியல் உருவானது. வல்லூறு இனத்தைச் சேர்ந்த லகுடு, ஷாகின், இராசாளிக் கழுகு போன்ற இரைகொல்லிப் பறவைகள், அதாவது பிற உயிர்களை வேட்டையாடி வாழ்பவை, அந்தப் பாறைமுகடுகளை நம்பியிருப்பது தெரியவந்தது. அவை கூடு கட்டுவது செங்குத்தான பாறையின் மேல்; அங்கே மரம் நடவும் முடியாது, நட வேண்டியதும் இல்லை.

2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டம், உயிர்வளம் செறிந்த இடத்தை உள்ளாட்சிகளின் கலந்தாய்வோடு பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்க மாநில அரசுக்கு அதிகாரம் தருகிறது. தமிழ்நாட்டில் அந்த அறிவிப்பை முதலாவதாகப் பெற்றது அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஊர்களின் 193.42 ஹெக்டேர் நிலம், ஆண்டு 2022. இரண்டே ஆண்டில், 2024 நவம்பரில், அந்த நிலத்தையும் உள்ளடக்கிய நாயக்கர்பட்டிப் பகுதியில் டங்ஸ்டன் என்னும் கனிமத்தை வெட்டியெடுக்கும் உரிமையை ஒன்றிய அரசு ஏலம் விட்டது. மேலூர் வட்டாரத்து உழவர்கள் ஆயிரக்கணக்கில் திரண்டார்கள். டிசம்பரில் சட்டமன்றம் எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 23 அன்று ஏலம் கைவிடப்பட்டதாக ஒன்றியச் சுரங்க அமைச்சகம் அறிவித்தது. ஏலத்தை முறித்தது மக்கள் போராட்டம், அதில் ஐயமில்லை. ஆனால் அந்தப் போராட்டத்தின் கையில், இது தரிசு இல்லை என்று காட்டுவதற்கு ஓர் அரசாணையும், அந்த ஆணைக்கு அடியில் ஆண்டுக்கணக்கில் எழுதிய பறவைக் குறிப்புகளும் இருந்தன. பத்தாயிரம் மரக்கன்று நட்ட ரசீது எதுவும் அந்த இடத்தில் உதவியிருக்காது. கன்றுகளை வேறோர் இடத்தில் நட்டுத் தருகிறோம் என்று எந்தச் சுரங்க நிறுவனமும் எளிதாகச் சொல்லிவிடும். லகுடு வல்லூறு அமரும் பாறை இடுக்கை வேறோர் இடத்தில் நட்டுத் தர எவராலும் ஆகாது.

மறுதரப்பின் வாதங்களில் மதிக்கத்தக்கவை உண்டு. வெயில் ஆண்டுக்கு ஆண்டு கடுமையாகும் நகரத்தில் நிழல் வேண்டாமா என்ற கேள்வி அவற்றுள் முதன்மையானது. வேண்டும். தெருவோரத்திலும், பேருந்து நிறுத்தத்திலும், பள்ளி வளாகத்திலும், வெட்டவெளியாகிவிட்ட பழைய குப்பைமேட்டிலும் மரம் நடுவது சரியான செயல். சென்னைக் கோட்டூர்புரத்தில் நிழல் அமைப்பின் தன்னார்வலர்கள் பேணிவரும் மரப்பூங்கா அப்படிப்பட்ட கெட்டுப்போன நிலத்தில் எழுந்ததுதான். இம்மண்ணுக்குரிய மரவகைகளைத் தேர்ந்ததும், நட்டபின்னும் வாராவாரம் வந்து உழைத்ததும் அதன் வெற்றிக்குக் காரணங்கள். நட்ட கன்று மூன்று கோடையைத் தாண்டும்வரை அதற்கு நீர் ஊற்ற ஆள் வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்தும், அந்த மூன்று கோடைக்கு நிதியும் இல்லை, புகைப்படமும் இல்லை. மேலும், நிழல்தான் நோக்கம் என்றால் ஏற்கெனவே நிழல் தரும் மரங்களின் நிலையை முதலில் பார்க்க வேண்டும். பதினைந்து ஆண்டுக்கு முன் கன்றைக் காக்க வைத்த இரும்புக் கூண்டு, பருத்துவிட்ட புங்க மரத்தின் பட்டைக்குள் பதிந்து அதன் கழுத்தை நெரித்துக்கொண்டிருப்பதும், அடிமரம் வரை சிமெண்ட் பூசி நீர் இறங்க வழியின்றி அடைத்திருப்பதும், விளம்பரப் பலகைக்கு அடித்த ஆணிகளைச் சுற்றிப் பட்டை கறுத்து அழுகியிருப்பதும் எந்த ஊர்த் தெருவிலும் காணக்கூடியவை. கூண்டை அறுத்து, சிமெண்டை உடைத்து, ஆணியைப் பிடுங்கினால், புதிய கன்று பல ஆண்டுகளுக்குப் பிறகு தரப்போகும் நிழலைக் காட்டிலும் பன்மடங்கு நிழல் இந்தக் கோடையிலேயே காப்பாற்றப்படும். தமிழ்நாட்டில் ஆணி பிடுங்கும் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பாராட்டி மேடையேற்றுவோர்தான் குறைவு.

புதர் இருந்தால் பாம்பு வரும், கொசு பெருகும் என்பது அடுத்த வாதம். குடியிருப்போர் சங்கங்களில் புதரை அழிக்கக் கோரும் மனுக்கள் பெரும்பாலும் இந்த அச்சத்திலிருந்தே பிறக்கின்றன. அச்சம் உண்மையானது, அதன் காரணம் தவறாகக் கணிக்கப்பட்டது. பாம்பு எலியைத் தேடி வருகிறது. எலி குப்பையைத் தேடி வருகிறது. கொட்டிய உணவுக் கழிவை அகற்றாமல் புதரை மட்டும் வெட்டினால், மறைவிடம் இழந்த பாம்பு வீட்டுப் பக்கம் ஒதுங்கும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடுவது தேங்காய்ச் சிரட்டை, பழைய டயர், பூந்தொட்டித் தட்டு, மூடாத தொட்டி ஆகியவற்றில் தேங்கும் தெளிந்த நீரில். தும்பியின் இளம்புழுவும் சிறுமீனும் தவளையும் வாழும் குட்டையில் கொசுப்புழு அவற்றுக்கு இரையாகிறது. குடியிருப்போரின் அச்சத்தைப் போக்கும் வேலை நடைபாதையை ஒட்டிய ஆறடி அகலத்தைப் புல் வெட்டிப் பேணுவதும், குப்பை கொட்டுவதை நிறுத்துவதும்தான்; மீதி நிலம் முழுவதையும் மொட்டையடிப்பதற்கு அந்த அச்சம் அனுமதிச் சீட்டு ஆகாது.

சீமைக் கருவேலத்தையும் ஆகாயத்தாமரையையும் அகற்றாமல் வேடிக்கை பார்க்கச் சொல்கிறதா இந்த வாதம் என்று சிலர் கேட்கலாம். அயல்நிலத்திலிருந்து வந்து உள்ளூர் உயிர்களை நெருக்கித் தள்ளும் இவற்றை அகற்றுவது தன்னார்வலர் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள வேலைகளுள் ஒன்று. அதையும் பார்த்தறிந்துதான் செய்ய வேண்டும். தரைக்கு மேலே வெட்டிய சீமைக் கருவேலம் வெட்டிய இடத்திலிருந்து பல கிளையாக வெடித்துத் தழைக்கும். வேர்க்கழுத்தோடு எடுத்தாலன்றிப் பயனில்லை. வேறு மரம் இல்லாத கண்மாயில் கொக்கும் நீர்க்காகமும் அதன்மேலேயே கூடு கட்டியிருக்கக் கூடும்; குஞ்சுகள் பறந்துபோகும் வரை காத்திருந்து, பாதிப் பாதியாக அகற்றி, இடையே நாட்டுக் கருவேலம் எழுவதற்கு இடம்விடுவது அறிவுடைய முறை. எப்போது வெட்டக் கூடாது என்று தெரிந்தவர் கையில்தான் அரிவாள் இருக்க வேண்டும்.

பறவையையும் பூச்சியையும் கணக்கெடுப்பது வல்லுநர் வேலை, பொதுமக்கள் பதிவுகளுக்கு அறிவியல் மதிப்பு இல்லை என்று சொல்வோரும் உண்டு. 2023இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை 942 பறவை வகைகளின் நிலையை மதிப்பிட்டது. அதற்கு ஆதாரமானவை ஏறத்தாழ 30,000 பறவை ஆர்வலர்கள் அளித்த 3 கோடிப் பதிவுகள். நாடெங்கும் எத்தனை ஆய்வாளர்களை ஊதியம் கொடுத்து அமர்த்தினாலும் அந்த அளவுக்குத் தரவு திரட்ட முடிந்திருக்காது. அந்த அறிக்கை உரத்துச் சொன்ன செய்திகளில் ஒன்று, புல்வெளியும் திறந்த வெளியும் சார்ந்த பறவைகளும் இரைகொல்லிகளும் வேகமாகக் குறைந்துவருகின்றன என்பது. மின்கம்பியில் அமர்ந்து வெட்டவெளியில் பூச்சி பிடிக்கும் பனங்காடை, எங்கும் காணப்படுவது என்று எல்லோரும் எண்ணியிருந்த பறவை. அதன் நிலையையும் பன்னாட்டு அளவில் மறுமதிப்பீடு செய்ய வேண்டும் என்று அந்த அறிக்கை பரிந்துரைத்தது. வெட்டவெளியைத் தேடித் தேடி மரம் நடும் ஒரு சமுதாயம் இச்செய்தியைக் காதில் வாங்கவேண்டாமா? சென்னைக் கடற்கரையில் 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினர் பங்குனி ஆமைகளைத் தேடி இரவுதோறும் நடந்து எழுதிவைக்கும் குறிப்புகளும், 2015 முதல் பொங்கல் நாள்களில் தமிழ்நாட்டு ஆர்வலர்கள் நடத்தும் பறவைக் கணக்கெடுப்பும், ஊதியமில்லாத உழைப்பு எத்தகைய அறிவை உண்டாக்கும் என்பதற்குக் கண்கண்ட சான்றுகள்.

நடும் விழா இல்லாவிட்டால் இளைஞர் வரமாட்டார்கள் என்பது கடைசி வாதம். விழாவுக்கு வருவோர் நூறு பேர் என்றால் அடுத்த வாரம் வருவோர் ஐந்து பேர் என்பதை எல்லாக் குழுக்களும் அறியும். அந்த ஐவரைத் தக்கவைப்பது எப்படி என்பதே உண்மையான கேள்வி. குழி வெட்டக் கற்றுக்கொண்டவருக்கு இரண்டாம் வாரத்தில் கற்க ஒன்றுமில்லை. ஆடுதின்னாப்பாளையின் இலையைப் புரட்டி முதல்முறையாகப் புழுவைக் கண்ட பதினைந்து வயதுப் பிள்ளைக்கு, அது கூட்டுப்புழுவாவது எந்த நாள் என்று பார்க்க மறுநாளும் வர வேண்டியிருக்கிறது.

ஆகவே மாற வேண்டியது உள்ளாட்சிக்கும் குழுக்களுக்கும் இடையிலான ஏற்பாட்டின் முதல் பக்கம். இன்று அதில் எத்தனை கன்று, என்ன செலவு, எந்த நாளில் விழா என்று எழுதப்படுகிறது. அந்த இடத்தில், ஓராண்டுக்கு எதையும் வெட்டாமலும் நடாமலும் மாதம் இருமுறை பார்த்து எழுதுதல் என்பது முதல் நிபந்தனையாக வர வேண்டும். பங்குனி முதல் ஆவணி வரை திறந்த தரையில் இயந்திரம் இறங்காது என்பதும், சருகு கொளுத்தப்படாது என்பதும், இரவில் விளக்கு எரியும் பகுதி நடைபாதை அளவோடு நிற்கும் என்பதும் அதைத் தொடர வேண்டும். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. பல்லுயிர்ச் சட்டத்தின்படி ஒவ்வோர் உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைக்கப்பட வேண்டும். அக்குழு, ஊரின் உயிர்வளத்தையும் அதைப் பற்றி ஊரார் அறிந்தவற்றையும் எழுதும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டைப் பேண வேண்டும். தோட்டக்கள்ளன் முதலில் கேட்ட நாளும், ஆட்காட்டி பள்ளம் பறித்த இடமும், எந்தப் பட்ட மரத்தில் எந்த ஆண்டு ஆந்தை அடைந்தது என்பதும் ஏற வேண்டிய ஏடு அதுவே. தம் ஊரின் பதிவேட்டை அலுவலகத்தில் கேட்டுப் பார்த்து, அதில் தம் திடலுக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறது என்று படிப்பதைத் தன்னார்வலர் குழு ஒவ்வொன்றும் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தைய வேலைநாளிலேயே செய்யலாம்.